பட்டியலில் வராத முப்பது செண்டு

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் அறைகளுக்குப் போர்வை மாற்றுவது என் வேலை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே இது நடக்கும். பை, மூட்டை, கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும். மேசையில் இருப்பவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிஸ்டத்தில் உங்கள் பேர் வரவில்லையே என்பார். வந்தவர்களில் வயதானவர் இருந்தால் அவர் சண்டைக்குப் போக மாட்டார். தன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிற முகம் அது. போர்வைகளைக் கையில் ஏந்திக்கொண்டு நான் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன்.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும், எழுதியிருக்கக் கூடாதோ என்று நாலு நாள் தூங்காமல் கிடப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் அந்த மார்கழியைத்தான் சொல்வேன்.

நம் காலத்தில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போக செருப்பைக் கழற்ற வேண்டும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கோயிலை விட்டால் நாங்கள் அப்படி நுழைந்த இடம் அது ஒன்றுதான். எங்களில் பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. அவர்கள் கால் துடைக்க வாசலில் ஈரச் சாக்கு கிடக்கும். உள்ளே ஜன்னலுக்குப் பச்சைத் துணி. இரண்டே இரண்டு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையை எடுத்ததும் சூடான பிளாஸ்டிக்கும் சாம்பிராணியும் கலந்த வாசனை வரும். சாம்பிராணி, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போட்டது.

ராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம். நான் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போவேன். கம்ப்யூட்டர் டீச்சர் அந்த வருடம்தான் வந்தவர். மதுரையில் சில நாள் பயிற்சி எடுத்து ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த நோட்டுக்கு வெளியே நாங்கள் ஏதாவது கேட்டால் அவர் கழுத்துச் செயினைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். இப்போது நினைத்தால் அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட இருந்திருக்காது. எங்களைவிட அவர்தான் கம்ப்யூட்டருக்குப் பயந்தவர்.

பேசிக் என்பதுதான் அவர் சொல்லிக் கொடுத்த மொழி. பத்து, இருபது, முப்பது என்று வரிக்கு ஒரு எண் போட வேண்டும். பிரிண்ட் என்று அடித்து மேற்கோளுக்குள் எதை எழுதினாலும் அது திருப்பிச் சொல்லும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நான் முதலில் என் பேரை அடித்தேன். அது கேள்வி கேட்காமல் என் பேரைச் சொன்னது. எங்கள் வீட்டில் என்னை யாரும் அவ்வளவு சுத்தமாகக் கூப்பிட்டதில்லை.

பிறகு ஒரு நாள் ஃபங்ஷன் என்றால் என்னவென்று சொன்னார். "ரைஸ் மில்லு பாத்திருக்கீங்கள்ல? மேல நெல்லக் கொட்டுறோம், கீழ அரிசி வருது. நடுவுல என்ன நடக்குதுன்னு நீங்க பாக்க வேண்டியதில்ல. அதுதான் ஃபங்ஷன்." போர்டில் நாலு ஃபங்ஷன் எழுதினார். ஒன்று எழுத்துகளை எண்ணும். ஒன்று வர்க்கமூலம் சொல்லும். இன்ட் என்று ஒன்று. அதற்குள் ஏழரையைப் போட்டால் ஏழு வரும். ஏழே முக்காலைப் போட்டாலும் ஏழுதான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அது வெட்டிவிடும்.

மீதி எங்கே போகும் என்று நான் கேட்டேன். அப்போதே எனக்கு அந்தக் கவலை. தவிடு மாதிரி போய்விடும் என்றார் டீச்சர்.

நாலாவது ஃபங்ஷன், கூப்பிடும்போதெல்லாம் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லும். என் பெஞ்சில் புதுமடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்கு அந்த நாலாவதுதான் பிடித்தது. நாளைக்கு வாப்பாவுக்கு எத்தனை கூடை மீன் என்று கேட்பது போல ஒரு புரோகிராம் செய்து தட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை தொண்ணூறு வரும், ஒரு தடவை ரெண்டு வரும். "கடலு இப்படித்தாண்டி. உங்க கம்மாத் தண்ணிதான் கணக்குக்குள்ள நிக்கும்" என்பாள். டீச்சருக்கு அது கேட்டுவிட்டது. பொங்கலுக்கு முன்னால் பள்ளியில் கண்காட்சி, பெரிய அதிகாரி வரப்போகிறார், நம் ஊரில் பயன்படுகிற மாதிரி ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. கம்மாத் தண்ணியையே செய் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கண்மாயில் நிற்கும். கம்மா என்று அவள் சொன்னது அதைத்தான். மார்கழிக் கடைசியில் அது சேறாகப் போகிற நேரம் நெல் பால் பிடித்து நிற்கும். அப்போது இன்னும் ஒரு தண்ணி காட்டினால் பயிர் கரையேறிவிடும். அந்த ஒரு தண்ணி கிடைக்காவிட்டால் ஐந்து மாதப் பாடும் பதர்தான். அதனால் கடைசித் தண்ணீரை முறை வைத்து, நிலத்துக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்துக்கொள்வார்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். முந்தைய வருடம் என் சித்தப்பாவின் மண்டையில் மண்வெட்டி இறங்கி ஏழு தையல் போட்டிருந்தது.

அதனால்தான் நான் விவரம் கேட்டபோது அய்யா அவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து சொன்னார். அய்யா என்றால் என் அப்பா. கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த எல்லோருடைய பேரும், யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை செண்டு என்பதும் அவருக்கு மனப்பாடம். ஏக்கருக்கு மூன்று மணி நேரம் என்பது அந்த வருடத் தண்ணீருக்கு ஊர் போட்ட கணக்கு. எங்களுக்கு நாலு ஏக்கர். கடைசியில் ஒரு பேர் சொன்னார். கடைமடையில் முப்பது செண்டு வைத்திருந்தவர் பேர். அவர் எங்கள் வயலில் கூலிக்கு வருகிறவர். சொந்தமாக அந்த முப்பது செண்டை அவர் எப்படிச் சேர்த்தார் என்பது ஊருக்கே ஆச்சரியம், கொஞ்சம் பொறாமையும். கடைமடைக்காரர் என்றே அவரைச் சொல்கிறேன்.

நானாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். நிலத்தைக் கொடுத்தால் மூன்றால் பெருக்கி நேரத்தைச் சொல்லும். ஓடியது. அந்தச் சந்தோசத்தை இப்போது என்னால் விவரிக்க முடியவில்லை. ஆனால் எண்கள் அசிங்கமாக வந்தன. கடைமடைக்காரர் பேருக்கு நேரே முன்னால் சுழியம்கூட இல்லாமல் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் எட்டு, அதன் பின் ஒன்பது ஒன்பதாக ஒரு வரிசை. டீச்சர் பார்த்துவிட்டு, அதிகாரி வரும்போது இப்படி இருக்கக் கூடாது, இன்ட் போடு என்றார். போட்டேன். எல்லாம் முழு எண்ணாகிவிட்டது. எங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. கடைமடைக்காரருக்குப் பூஜ்யம் வந்தது.

அதைப் பார்த்ததும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், மறுபடியும் பூஜ்யம்தான். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொடித் தோரணத்துக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். "பூஜ்யம் வந்தா பிரிண்ட் ஆகாத மாதிரி ஒரு வரி சேத்துரும்மா" என்றார் திரும்பாமலே. சேர்த்தேன். அந்தப் பேர் போய்விட்டது. பார்க்க அழகாக இருந்தது. முப்பது செண்டுக்கு ஐம்பத்து நாலு நிமிடம் என்று எனக்கு வாய்க்கணக்காகவே தெரியும். தெரிந்தேதான் சேர்த்தேன். அதிகாரி முன்னால் திட்டு வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் மண்டையில் இருந்தது.

அதிகாரி வந்தார், ஒரு பொத்தானைத் தட்டினார், வெரிகுட் சொன்னார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அச்சடித்த தாளை டீச்சர் என்னிடமே கொடுத்துவிட்டார். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட தாள். புதுமடத்துக்காரி அந்த ஓட்டை ஓரத்தைக் கிழித்து மடித்து எனக்கு ஒரு வளையல் பண்ணிப் போட்டாள். தாளை அய்யாவிடம் காட்டினேன். பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது, அய்யா எழுத்துக் கூட்டி வாசிப்பார். அய்யா அதைக் கையில் வாங்குவதற்கு முன்னால் வேட்டியில் கையைத் துடைத்தார்.

அதை அவர் ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோவார் என்று நான் நினைக்கவே இல்லை. தெரிந்தபோது எனக்குத் தடுக்க வழியில்லை. தாளைக் காட்டிய மறுநாள் காலையில் நான் வயதுக்கு வந்துவிட்டேன். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து கொல்லையில் குச்சு கட்டினார். பதினாறு நாள் அதற்குள்தான். தனித் தட்டு, தனித் தம்ளர், காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. ஆம்பளைகள் கண்ணில் படக் கூடாது. ஓலை பச்சையாக இருந்த இரண்டு நாள் குளிர்ச்சி. அப்புறம் அது காயக் காய, நான் கொஞ்சம் அசைந்தாலும் சத்தம் போட்டது.

கண்மாய்க் கரையில் நடந்ததை அம்மா வந்து சொன்னார். தாளை அய்யா வாசிக்க, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்களாம். ஏழரைக்கு ஏழு வந்தவர்கள்கூட அரை மணியைப் பற்றிப் பேசவில்லையாம். மிசினுக்கு யார் மேலும் கோபமும் இல்லை, பாசமும் இல்லை என்று ஒருவர் சொன்னாராம். அந்த வருடம் ஒரு மண்வெட்டியும் உயரவில்லை. அய்யா முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. கடைசியில் கடைமடைக்காரர் எழுந்து தன் பேர் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். அய்யா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லையேப்பா என்றாராம். அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தாயி, நாந்தான்."

ஓலை இடுக்கில் பார்த்தேன். கடைமடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டி, மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றார். தீட்டுப் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று அப்படி நின்றார். சுவரிடம்தான் பேசினார்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்தப் பொட்டி என்னென்ன பாத்துச்சு?"

நிலம் எவ்வளவு என்று மட்டும்தான் பார்த்தது என்றேன்.

"ஆளப் பத்தி ஒண்ணும் விசாரிக்கலையா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த வரட்டியை விரலால் நோண்டினார்.

"போன வருசம் கொடை அன்னிக்கி, ஊரே கோயில்ல நிக்கிம்போது, உங்கய்யா வயலு வாய்க்கால ஒரு வெட்டு வெட்டி என் வயலுக்குத் தண்ணி விட்டுக்கிட்டேன். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. அதுக்கு எப்படித் தாயி தெரிஞ்சிச்சு?"

அதற்குத் தெரியாது, முழு மணி வராவிட்டால் அது விட்டுவிடும், நான்தான் ஒரு வரி சேர்த்தேன் என்று என்னென்னவோ சொன்னேன். வரி என்றால் அவருக்கு என்ன புரியும்? இன்ட் என்றால் என்ன புரியும்? அதற்குள் வாளிச் சத்தம் கேட்டது. அம்மா வந்து, வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்று சத்தம் போட, அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அவர் கண்மாய்க் கரைக்குப் போய், எல்லோர் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தண்ணி திருடினதைச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். குற்றத்தைச் சொல்லி விழுந்துவிட்டால் ஊர் மன்னித்து விட்டுவிடும். ஒத்துக்கொண்டால் மிசினும் இரங்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஊர் மன்னிக்கத்தான் செய்தது. தண்டம் போடவில்லை. ஆனால் தாள் சொன்னது சொன்னதுதான் என்று முடிவானது. ஒருவருக்கும் தெரியாத திருட்டைப் பெட்டி கண்டுபிடித்துவிட்டது என்று பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வந்து அய்யாவிடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் அம்மாவிடம் அழுதேன். குச்சுக்குள் உட்கார்ந்து அழக் கூடாது என்றார். நோட்டுத் தாளில் பென்சிலால் கணக்கைப் போட்டேன். ஏக்கருக்கு மூன்று மணி, முப்பது செண்டுக்கு ஐம்பத்து நாலு நிமிடம். கீழே கோடு போட்டு, தப்பு என்னுடையது என்று எழுதி அம்மா கையில் கொடுத்தனுப்பினேன். அய்யா அதை எடுத்துக்கொண்டு குச்சுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றார்.

"இது நீ எழுதுனது. அது மிசின் எழுதுனது" என்றார்.

அதையும் நான்தான் எழுதினேன் அய்யா என்றேன்.

"கணக்குத் தப்புன்னா அவன் எதுக்கு ஒத்துக்கிறான்?"

அய்யா கெட்டவர் இல்லை. தம்பி தலையில் ஏழு தையலைப் பார்த்தவர். ரத்தம் விழாமல் ஒரு வருடம் போகிறது, அதை எடுத்துக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தார். தாளில் ஒரு பேர் குறைகிறது என்று வாசிக்கும்போதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்பதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். எல்லாப் பேரும் மனப்பாடமாக இருந்த மனுசன் அவர்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான் வாய்க்கால். குச்சுக்குள்ளிருந்து தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மடை திறக்கிறவர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரம் கட்டிய ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு நடப்பாராம். ஒரு காலையில் சத்தம் நின்றது. சேற்றில் தவளை மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றி வெளியே வந்தபோது கடைமடைப் பக்கம் பார்த்தேன். எங்கள் வயல் தலை சாய்ந்து நின்றது. அந்த முப்பது செண்டு மட்டும் கதிர் நிமிர்ந்து, வெள்ளையாக நின்றது. நெல்லில் பால் இல்லாவிட்டால் கதிர் குனியாது. பிறகு அவர் அதில் ஆட்டை விட்டு மேய்த்தார். எங்கள் வயல் அறுப்புக்கு அவரும் அவர் மனைவியும்தான் வந்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. அனுப்பியிருந்தாலும் போயிருப்பேனா, தெரியவில்லை. புதுமடத்துக்காரி ஒரு தடவை பார்க்க வந்தாள். டீச்சரிடம் சொல்லி அந்த வரியை எடுக்கச் சொல்லடி என்று கெஞ்சினேன். கண்காட்சி முடிந்த அன்றே ரூமைப் பூட்டிவிட்டார்கள், சாவி யாரிடம் என்று டீச்சருக்கே தெரியாது என்றாள். அய்யா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தார். கண்மாயில் தண்ணீர் இருந்த வருடமெல்லாம் அதை இறக்கி எடுத்துக்கொண்டு போனார்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தை அமாவாசை. அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம். லாட்ஜுக்கு வந்திருந்த ஒரு பாட்டியம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப் போய், அவர் வீட்டாரோடு குளிக்க விட்டுவிட்டு நின்றேன். படியில் ஒருவர் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்து, "தாயி" என்றார். கடைமடைக்காரர் ரொம்பக் கிழவராகிவிட்டார். மகன் குடும்பத்தோடு வந்திருப்பதாகச் சொன்னார். மனைவிக்குத் திதி கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்திருந்தார்.

"அந்தத் தண்ணித் திருட்டையும் கழுவிட்டேன் தாயி. அன்னிக்கி அந்தப் பொட்டி சொல்லாட்டி அது உள்ளயே கெடந்திருக்கும்" என்றார்.

நான் அவரை என்னவென்றும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வராது. வேறு முறை எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கூப்பிடாமலே பக்கத்துப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை தெளிவாகவே சொன்னேன். ஐம்பத்து நாலு நிமிடம், புள்ளிக்குப் பின்னால் வெட்டுவது, நான் பூஜ்யத்தைப் பார்த்தது, பயந்து மறைத்தது. மிசினுக்கு உங்களை யாரென்றே தெரியாது என்றேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குத்தான் தெரியுமே, அங்கே கடலுக்கு அலை கிடையாது, சத்தமும் கிடையாது.

"அப்ப நான் சும்மாவா சொன்னேன்?" என்றார்.

நான் படியில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தள்ளினேன்.

"எம் மகன இன்னமும் மடைத்திருடன் மகன்னுதான தாயி கூப்பிடுறாங்க. சொல்லியிருக்க வேண்டியதே இல்லையா?"

அவர் தாடை ஆட ஆரம்பித்தது. குளிரா, வேறா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் சுமந்த உண்மையை இறக்கிவைக்க நான் தேர்ந்தெடுத்த இடம் அவருடைய தலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்ல, எனக்கு இப்ப சரியா ஞாபகம் இல்ல" என்றேன். "தெரிஞ்சிருக்கும். தெரியாம எப்படி அது உங்க பேர மட்டும் விடும்?"

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாடை நின்றது.

"அதான பாத்தேன்" என்றார்.

எழுந்து துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, மேல் படியில் நின்ற மகனிடம் போனார். என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். மகனும் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.